பம்பாய் வாடியாக்களும் அவர்கள் கட்டிய தேக்குக் கப்பல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரக்கப்பல் கட்டிய குடும்பங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் சொல்வது பம்பாய் வாடியாக்களைத்தான். உடனே சுற்றி இருப்பவர்கள் வரிசையாகக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். அதில் பாதி எல்லோரும் கேட்பது, மீதி எங்கோ கேட்ட கதை உண்மையா என்று சரிபார்ப்பது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

வாடியா என்றால் பாம்பே டையிங் வாடியாவா?

ஆமாம், அதே குடும்பம்தான். பாம்பே டையிங் துணி ஆலையைத் தொடங்கியது நவ்ரோஸ்ஜி வாடியா, 1879-இல். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது கப்பல். 1933-இல் வாடியா மூவிடோன் என்ற பட நிறுவனத்தை ஆரம்பித்த ஜே.பி.எச். வாடியாவும் இந்தக் குடும்பம்தான்; அவர்கள் ஸ்டுடியோ பரேலில் லவ்ஜி காஸில் என்ற பழைய குடும்ப மாளிகையில் இருந்தது. அந்த லவ்ஜி யார் என்று கேட்டால் நேராகக் கப்பல் கதைக்கே வந்துவிடலாம்.

சரி, லவ்ஜி யார்?

லவ்ஜி நுஸர்வான்ஜி. 1702-இல் பிறந்த பார்சித் தச்சர், ஊர் சூரத். அப்போது மேற்குக் கரையின் பெரிய துறைமுகம் சூரத்துதான், கப்பல் கட்டுவதில் கைதேர்ந்த தச்சர்களும் அங்கேதான் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1735-இல் தனக்கு ஒரு கப்பல் வேண்டும் என்று சூரத்தில் கட்டக் கொடுத்தது. வேலையை மேற்பார்க்க வந்த கம்பெனி அதிகாரியின் கண்ணில் அங்கே மேஸ்திரியாக நின்ற லவ்ஜி பட்டார். பம்பாய்க்கு வா, அங்கே ஒரு கட்டுந்தளம் அமைக்கலாம் என்று கூப்பிட்டார்கள். 1736-இல் லவ்ஜி ஒரு சிறு தச்சர் குழுவை அழைத்துக்கொண்டு பம்பாய் வந்து சேர்ந்தார்.

அப்போதைய பம்பாயை இன்றைய மும்பையாக நினைத்துப் பார்க்கக் கூடாது. ஏழு தீவு, சேறு, காய்ச்சல், ஒரு கோட்டை. சூரத்தின் செல்வத்துக்கு அது எந்த விதத்திலும் ஈடில்லை. ஆனால் ஆழமான, காற்று அடங்கிய இயற்கைத் துறைமுகம் ஒன்று அங்கே இருந்தது. லவ்ஜி அந்த இடத்தைத் தச்சனின் கண்ணோடு பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றும். 38 வருடம் அங்கேயே வேலை பார்த்து 1774-இல் இறந்தார். அத்தனை கப்பல் கட்டியவர் குடும்பத்துக்கு விட்டுப்போனது ஒரு வீடும் கொஞ்சப் பணமும் மட்டும்தான்.

அப்படியானால் கட்டுந்தளம் வாடியாக்களுக்குச் சொந்தமில்லையா?

இல்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் 'வாடியா கப்பல் கட்டுந்தளம்' என்று எழுதிவிடுகிறார்கள். நிலம், துறை, கிடங்கு எல்லாம் கம்பெனியுடையது. வாடியாக்கள் வகித்தது தலைமைக் கட்டுநர் என்ற பதவி. ஆனால் அந்தப் பதவி 1736 முதல் 1880கள் வரை அந்தக் குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை. அப்பாவுக்கு அப்புறம் பிள்ளை, அண்ணனும் தம்பியும் சேர்ந்து, சித்தப்பா பிள்ளையும் பெரியப்பா பிள்ளையும் சேர்ந்து என்று கைமாறிக்கொண்டே வந்தது.

காகிதப்படி கம்பெனித் துறை, நடைமுறையில் குடும்பத் துறை. எந்த மரத்தை எங்கே வைப்பது, எந்தத் தச்சனிடம் எந்த வேலையைக் கொடுப்பது, ஒரு கப்பல் கடலுக்குப் போகத் தயாரா இல்லையா என்ற முடிவெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட கலங்கள் அந்தக் குடும்பத்தின் கையால் கடலுக்குப் போயின. லாபம் வேறு ஆளுக்குப் போனது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இந்த வரலாறு பாதிதான் புரியும்.

பம்பாய்த் துறையில் அப்படி என்ன விசேஷம்?

உலர்துறை. ஆசியாவின் முதல் உலர்துறை என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். முதல் பகுதி 1750-இல் முடிந்தது, அடுத்தடுத்த பகுதிகள் 1762-இலும் 1765-இலும். மூன்றும் ஒரே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கதவு.

உலர்துறை எப்படி வேலை செய்யும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் லவ்ஜியின் புத்தி தெரியும். கடலை ஒட்டிக் கல்லால் கட்டிய ஒரு பெரிய தொட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கம் பெரிய மரக்கதவு. பம்பாயில் ஓதத்துக்கும் (கடல் ஏறுவது) வற்றத்துக்கும் (கடல் இறங்குவது) நடுவே நீர்மட்டம் ஆளுயரத்துக்கு மேல், சில நாளில் இரண்டாள் உயரத்துக்கு மேலும் ஏறி இறங்கும். ஓதம் ஏறும்போது கதவு திறந்திருக்கும், பழுதான கப்பல் தண்ணீரோடு உள்ளே வரும். வற்றம் இறங்கும்போது தண்ணீர் தானாக வெளியே போகும், கப்பல் கீழே வைத்திருக்கும் கட்டைகளின் மேல் மெதுவாக உட்காரும். கதவைச் சாத்தி, மிச்சத் தண்ணீரை இறைத்துவிட்டால் கப்பலின் அடிவயிறு முழுக்க வெளியே தெரியும். தச்சர்கள் இறங்கிப் பாசியைச் சுரண்டி, உளுத்த பலகையைப் பெயர்த்து, புதுசு போட்டுவிடுவார்கள். வேலை முடிந்ததும் அடுத்த பெரிய ஓதத்துக்குக் காத்திருந்து கதவைத் திறந்தால் போதும், கடலே வந்து கப்பலைத் தூக்கிக்கொண்டு போகும்.

நம் சோழமண்டலக் கரையில் ஓதம் இவ்வளவு ஏறாது, மூன்று நான்கு அடி ஏறினாலே அதிகம். அதனால் இந்த முறையை அப்படியே சென்னையில் செய்திருக்க முடியாது.

1775-இல் பம்பாய் வந்த ஏபிரகாம் பார்சன்ஸ் என்ற ஆங்கிலப் பயணி இந்தத் துறையைப் பார்த்து அசந்துபோய், ஐரோப்பாவில்கூட இப்படி ஒன்றைப் பார்ப்பது அரிது என்ற கருத்தில் எழுதிவைத்தார். மூன்று போர்க்கப்பல்களை ஒரே சமயத்தில் உள்ளே நிறுத்த முடிந்ததாம். பிறகு 1810-இல் இன்னும் பெரிய டங்கன் துறை முடிந்தது. ஆளுநர் ஜொனாதன் டங்கன் பெயரில்.

பழைய காலக் கப்பலை மேலேயிருந்து சறுக்கவிடுவார்களே, அது இங்கே கிடையாதா?

பெரிய கப்பல்களுக்குப் பெரும்பாலும் இல்லை. துறைக்குள்ளேயே கட்டி, கதவைத் திறந்து மிதக்கவிடுவார்கள். ஆள் இழுக்கவும் வேண்டாம், கப்பல் முதுகெலும்பு நெளியவும் செய்யாது. இதனால் வெள்ளோட்டத் தேதியை முடிவு செய்வதில் கடலுக்குத்தான் கடைசி வார்த்தை, பெரிய ஓதம் எந்த நாளோ அந்த நாள்.

ஏன் தேக்கு? ஓக் மரத்தை விட அது உசத்தியா?

கப்பலுக்கு, வெப்பக் கடலில், சந்தேகமே இல்லாமல் உசத்தி. ஓக் மரத்தில் ஒருவித அமிலம் இருக்கிறது, அது இரும்பு ஆணியை அரிக்கும். ஆணி துருப்பிடித்துப் பெருத்தால் ஓட்டை பெரிதாகும், மரமும் ஆணியைச் சுற்றிக் கருத்து உளுக்கும். தேக்கில் இருப்பது எண்ணெய். அது ஆணியைக் காக்கும், பூச்சியைத் தள்ளி வைக்கும், வெயிலில் வெடிப்பதையும் தடுக்கும். வீட்டில் தாத்தா காலத்துத் தேக்குக் கதவு இருந்தால் போய்ப் பாருங்கள். ஆணி அடித்த இடத்தைச் சுற்றி மரம் இன்னும் கெட்டியாக இருக்கும்.

பார்சன்ஸ் எழுதியதில் இன்னொன்றும் உண்டு: பம்பாயில் கட்டிய கப்பல் ஐம்பது அறுபது வருடம் உழைப்பது அங்கே சகஜம் என்கிறார். ஓக் கப்பல் அதில் பாதிகூட நிற்காது என்பதுதான் அக்கால மாலுமிகளின் பேச்சு.

இன்னொரு சின்ன விஷயம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேக்கு என்ற நம் சொல், மலையாளத்திலும் அதேதான், போர்ச்சுக்கீசியர் வாயில் தேக்கா ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் டீக் ஆனது. உலகமே இந்த மரத்தை நம் பேச்சில்தான் கூப்பிடுகிறது.

அந்தத் தேக்கு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் மலபார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வெட்டி, மழைக்காலத்தில் ஆற்றில் மிதக்கவிட்டு, கரைத் துறைமுகங்களில் ஏற்றிப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். 74 பீரங்கிப் போர்க்கப்பல் ஒன்றுக்கே இங்கிலாந்தில் இரண்டாயிரம் ஓக் மரம் வரை போகும் என்பது அக்காலக் கணக்கு. தேக்கிலும் அந்த அளவுக்கு மரம் வேண்டும் என்றால் மலபார் காட்டுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கம்பெனிக்கு மரம் தட்டாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபாரில் காட்டுக் காவலராகப் போட்டார்கள். அவர் தேக்கைக் கம்பெனியின் ஏகபோகமாக்கி, காட்டை நம்பி வாழ்ந்தவர்களையும் மர வியாபாரிகளையும் கசக்கிப் பிழிந்தார். புகார் மேல் புகார் வந்து, சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1823-இல் அந்தப் பதவியையே ஒழித்தார். அப்புறம் வெட்டு இன்னும் கூடியது. 1840களில் மலபார் கலெக்டர் கொனோலி, சாத்து மேனன் என்பவரின் உழைப்பைக் கொண்டு நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்தார். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கப் போவது அதைத்தான். அங்கே போனால், இந்த மரங்கள் கப்பலுக்காகத்தான் முதலில் நடப்பட்டன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் அழகைப் புகழும்போது காடு கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும்.

கப்பலை எப்படிக் கட்டினார்கள்?

முதலில் ஏரா. கப்பலின் முதுகெலும்பாக நீளவாக்கில் அடியில் ஓடும் மரம் அது. அதன் மேல் இருபுறமும் விலா எலும்பு மாதிரி வங்குகளை நிறுத்துவார்கள். வங்குக்கு இயற்கையாகவே வளைந்த மரம் வேண்டும். நேர்மரத்தை அறுத்து வளைவு எடுத்தால் நார் வெட்டுப்பட்டு வலு போய்விடும். அதனால் காட்டில் மரத்தைப் பார்த்ததுமே இது ஏராவுக்கு, இது வங்குக்கு, இது பாய்மரத்துக்கு என்று சொல்லத் தெரிந்த கண் வேண்டும். அதற்கு மேல் பலகை.

பலகை சேர்ப்பதில் சூரத்துத் தச்சர்களுக்கு ஒரு தனிவழி இருந்தது. ஒரு பலகையின் விளிம்பில் பள்ளம் எடுத்து, அடுத்த பலகையின் விளிம்பை அதில் உட்கார வைப்பார்கள். நடுவில் பஞ்சும் கீலும் (தார் மாதிரிப் பசை). இரண்டும் ஒன்றாகிவிடும், பலகை எங்கே முடிகிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. ஐரோப்பாவில் இரண்டு பலகையையும் பக்கம் பக்கமாக வைத்து, இடுக்கில் சணல் நாரைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அடிக்கடி திரும்ப அடிக்க வேண்டும். பள்ளம் எடுக்கிற வேலைக்குப் பொறுமையும் நிறைய ஆளும் வேண்டும். உளியும் வாய்ச்சியும் பிடித்து நாளெல்லாம் உட்கார்ந்த அந்தத் தச்சர்களின் பெயர் எந்தப் பதிவிலும் பெரிதாக இல்லை. தலைமைக் கட்டுநர் பெயர் மட்டும் நிற்கிறது.

இந்த வேலையைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்?

துறையில் போட்டுத்தான். லவ்ஜிக்கு அப்புறம் மகன்கள் மானெக்ஜியும் பொமன்ஜியும் பொறுப்பேற்றார்கள். அவர்களின் பிள்ளைகள் ஃப்ராம்ஜி மானெக்ஜி, ஜம்சேட்ஜி பொமன்ஜி இருவரும் மாதம் பன்னிரண்டு ரூபாய்க்குச் சாதாரணத் தச்சர்களாகச் சேர்ந்தார்கள். தலைமைக் கட்டுநரின் பிள்ளை என்பதற்காக மேஜை வேலை கிடையாது. மரம் அறுக்கணும், துளை போடணும், கலப்பத்து அடிக்கணும். கையில் காய்ப்பு ஏறாதவன் சொல்லைத் தச்சன் எவனும் கேட்க மாட்டான் என்பது எந்தப் பட்டறைக்காரருக்கும் தெரிந்ததுதானே. இந்த ஒரு ஏற்பாடுதான் அந்தக் குடும்பத்தை ஒன்றரை நூற்றாண்டு தாங்கிப் பிடித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜம்சேட்ஜி பொமன்ஜி ஏன் இவ்வளவு பேசப்படுகிறார்?

குடும்பத்திலேயே பெரிய கட்டுநர் அவர்தான். அவர் காலத்தில்தான் பிரிட்டிஷ் கடற்படை முதன்முறையாகத் தனக்கென்று தேக்குக் கப்பல் கட்டக் கொடுத்தது. நெப்போலியன் போர், இங்கிலாந்தில் ஓக் மரம் தீர்ந்துகொண்டே வருகிறது, வேறு வழியில்லை. 1805-இல் சால்செட் என்ற 36 பீரங்கிக் கப்பல் வெளியே போனது. 1810-இல் கவிஞர் பைரன் ஹெலஸ்பாண்ட் நீரிணையை நீந்திக் கடந்தபோது அவரை ஏற்றிவந்து அங்கே நங்கூரமிட்டு நின்றது இந்தப் பம்பாய்க் கப்பல்தான்.

அப்புறம் 1810 ஜூன் 19-ஆம் தேதி, டங்கன் துறையிலிருந்து மின்டன். 74 பீரங்கி. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அந்தக் கடற்படைக்காகக் கட்டிய முதல் பெரிய அணிவரிசைப் போர்க்கப்பல், அதாவது கடற்போரில் வரிசையாக நின்று சண்டையிடும் பெரிய ரகம்.

லண்டனை அடுத்த கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஜம்சேட்ஜியின் ஓவியம் இருக்கிறது. வெள்ளை அங்கி, பார்சித் தலைப்பாகை. கையில் கவராயம், கூடவே மின்டனின் வரைபடம். இடுப்புத் துணியில் ஒரு வெள்ளி அளவுகோலைச் செருகியிருக்கிறார், கம்பெனி அவருக்குப் பரிசாகக் கொடுத்தது அது. தாத்தா லவ்ஜியும் அந்த மாதிரி ஒரு வெள்ளிக்கோல் வாங்கியவர்தான். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் படத்துக்கு நிற்கும்போது வாளை வைத்துக்கொள்வார்கள், இவர் வாள் இருக்க வேண்டிய இடத்தில் அளவுகோலைச் செருகி நிற்கிறார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த படம் அது.

கப்பலுக்குள் ஏதோ ரகசியமாகச் செதுக்கினாராமே?

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 1800-இல் கார்ன்வாலிஸ் என்ற கப்பலைக் கட்டும்போது, ஏராவுக்கு மேல் உட்புறம் ஓடும் மரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், 'ஒரு கறுப்பன் கட்டிய கப்பல் இது' என்ற பொருளில், வெள்ளைக்காரர்கள் திட்டும் வசைச் சொல்லையே சேர்த்து, ஆண்டையும் போட்டு ஜம்சேட்ஜி செதுக்கிவைத்தார். பல வருடம் கழித்து அதே கப்பல் பழுதுபார்க்க வந்தபோது அவரே அந்த இடத்தைக் காட்டினாராம். அரசர் பெயர், ஆளுநர் பெயர் என்று கப்பலுக்குப் பெயர் வைக்கிற காலத்தில், கட்டியவன் தன் கையெழுத்தைப் போட அந்த இடம்தான் கிடைத்தது.

வெள்ளி ஆணி அடிக்கும் சடங்கு உண்மையா?

உண்மை. புதுக் கப்பலுக்கு ஏரா வைக்கும்போது அதில் ஒரு வெள்ளி ஆணியை அறைவார்கள், பார்சி முறைப்படி வேண்டுதலோடு. நம் ஊரில் வீட்டுக்கு நிலை வைக்கும்போது மஞ்சள் குங்குமம் வைத்து நவமணி போடுகிற மாதிரி. 1816-இல் டிரிங்கமாலி கப்பலுக்கு ஏரா வைத்தபோதும் இது நடந்தது.

டிரிங்கமாலி என்றால் திருகோணமலையா?

ஆமாம், நம் திருகோணமலைதான். 1782 செப்டம்பரில் திருகோணமலைக்கு வெளியே கடலில் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் மோதிய சண்டையின் நினைவாக வைத்த பெயர்.

இந்தக் கப்பல் பிறப்பதற்கு முன்பே ஒரு தடங்கல். வரைபடங்களை ஜாவா என்ற கப்பலில் பம்பாய்க்கு அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிட்யூஷன் ஜாவாவை வீழ்த்தியதில் அவையும் போயின. திரும்ப நகல் எடுத்து அனுப்பி, ஒருவழியாக 1817 அக்டோபர் 12-இல் கப்பல் மிதந்தது. அது இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள் நெப்போலியன் போர் முடிந்து சில வருடம் ஆகிவிட்டது. வேலையில்லாமல் பல வருடம் கட்டிப்போட்டார்கள். பிறகு அட்லாண்டிக், பசிபிக் என்று சுற்றியது. பயிற்சிக் கப்பலானது. 1897-இல் ஒரு தனியார் வாங்கி ஃபூத்ராயான் என்று பெயர் மாற்றி, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கடல் பழக்கம் கற்றுக்கொடுக்க வைத்துக்கொண்டார்கள். 1987-இல் வடக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊருக்குக் கொண்டுபோய், 2001 வரை உட்கார்ந்து புதுப்பித்து, பழைய பெயரையே திரும்ப வைத்தார்கள்.

இன்றும் அங்கே தண்ணீரில் மிதக்கிறது. ஐரோப்பாவில் மிதக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் என்று சொல்வது இதைத்தான். உடல் மரத்தில் பாதிக்கு மேல் 1817-இல் பம்பாயில் வைத்த அதே மரம். மலபார் மரம், பம்பாய்த் தச்சு, ஈழத்து ஊர்ப்பெயர், வடக்கு இங்கிலாந்தின் குளிர்த் தண்ணீர். தேக்கு எவ்வளவு காலம் நிற்கும் என்று யாராவது கேட்டால் வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

அமெரிக்க தேசிய கீதம் மின்டன் கப்பலில் எழுதப்பட்டது என்கிறார்களே?

நம் நாட்டில் ரொம்பப் பரவிவிட்ட செய்தி, ஆனால் சரியில்லை. 1814 செப்டம்பரில் பால்டிமோர் கோட்டை மீது குண்டு விழுந்த இரவில் அந்தப் பாட்டை எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீ இருந்தது, கைதி ஒருவரை மீட்பதற்காகச் சமாதானக் கொடியோடு போன ஓர் அமெரிக்கக் கலத்தில். கேட்க இனிக்கிறது என்பதற்காக இல்லாத பெருமையைச் சேர்க்க வேண்டாம். மின்டனுக்குச் சொந்தக் கதையே போதுமான அளவு இருக்கிறது. கடைசிக் காலத்தில் அது ஹாங்காங்கில் மருத்துவமனைக் கப்பலாக நின்றது, அங்கே இன்றும் அதன் பெயரில் தெரு உண்டு.

நான்கிங் ஒப்பந்தம் பம்பாய்க் கப்பலில் கையெழுத்தானது என்பதாவது உண்மையா?

அது உண்மை. 1813-இல் பம்பாயில் கட்டிய இன்னொரு கார்ன்வாலிஸ், 74 பீரங்கி. முதல் அபினிப் போரின் முடிவில் 1842 ஆகஸ்ட் 29-இல் அதன் மேல்தளத்துக்குக் கீழே உள்ள அறையில்தான் சீனா கையெழுத்துப் போட்டது. ஹாங்காங் பிரிட்டனுக்குப் போனது அந்த ஒப்பந்தத்தில்தான். தச்சர்களின் திறமையில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தாலும், இந்தக் கப்பல்கள் எதற்காகப் போயின என்பதை மறைக்க மனம் வராது. நம் மரமும் நம் கையும் சேர்ந்து செய்த பொருளை வைத்துத்தான் இன்னொரு ஆசிய நாட்டை மிரட்டினார்கள்.

மற்றக் கப்பல்கள் என்ன ஆயின?

ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். 1824-இல் கட்டிய ஏசியா, 1827 நவாரினோ சண்டையில் தளபதி காட்ரிங்டனின் தலைமைக் கப்பல். முழுக்கப் பாய்க்கப்பல்களே மோதிய கடைசிப் பெரும் கடற்போர் அது. கேஞ்சஸ், 84 பீரங்கி: ஜம்சேட்ஜி ஆரம்பித்தார், 1821 ஆகஸ்டில் அவர் இறந்துபோக, நவம்பரில் மகன் நவ்ரோஜி காலத்தில் வெள்ளோட்டம். அப்பா வைத்த ஏராவுக்குப் பிள்ளை பலகை முடித்துக் கடலில் விட்டார். வெளிநாட்டுக் கடலில் தலைமைக் கப்பலாக இருந்த கடைசிப் பாய்மரக் கப்பல் அதுதான், 1930-இல்தான் உடைத்தார்கள்.

வெல்லஸ்லி 1815-இல் கட்டியது. தேம்ஸ் நதியில் பயிற்சிக் கப்பலாக நின்றபோது 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானக் குண்டு பட்டு மூழ்கியது. வாய்ச்சியால் செதுக்கிய கப்பல் 125 வருடம் மிதந்து விமானக் காலத்தையும் பார்த்திருக்கிறது.

இவ்வளவு நல்ல கப்பல் என்றால் இங்கிலாந்துக் கட்டுநர்கள் சும்மா இருந்தார்களா?

இருக்கவில்லை. தேம்ஸ் கரைக் கட்டுநர்கள் எங்கள் பிழைப்பு போகிறது என்று மனு மேல் மனு போட்டார்கள். 1814-இல் நாடாளுமன்றம் குழு போட்டு இந்தியாவில் கட்டிய கப்பல்களைப் பற்றி விசாரித்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டங்கள் இந்தியக் கப்பலுக்கும் அதில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளுக்கும் சாதகமாக இல்லை. கடற்படை மட்டும் பம்பாய்த் தேக்கை விடவில்லை.

நீராவிக் கப்பல் வந்ததும் குடும்பம் என்ன செய்தது?

ஒதுங்கி நிற்கவில்லை. 1829-இல் நவ்ரோஜி தலைமையில் ஹியூ லிண்ட்சே என்ற நீராவிக் கப்பலைக் கட்டினார்கள். 1830 மார்ச்சில் அது பம்பாயிலிருந்து சூயஸுக்குக் கிளம்பியது. ஐந்தாறு நாளுக்கு மட்டுமே நிலக்கரி வைக்கிற அளவுக்கு வடிவமைத்த கப்பல், ஏடன் வரை போக இரண்டு மடங்கு நிலக்கரி வேண்டும். கிடைத்த இடத்தில் எல்லாம் கரியை அடைத்து, தண்ணீர் விளிம்புக்கு வரும் அளவு அமிழ்ந்துகொண்டே போய், ஒரு மாதத்துக்கு மேல் ஆகி சூயஸ் சேர்ந்தது.

1838-இல் குடும்பத்து இளைஞர்கள் ஜெஹாங்கீர் நவ்ரோஜியும் ஹீர்ஜிபாய் மெர்வான்ஜியும் இங்கிலாந்து போய் சாத்தம் துறையில் வேலை கற்றார்கள். அதே குடும்பத்தின் அர்தசீர் கர்செட்ஜி அதற்கும் முன்பே, 1834-இல், மசகானில் தன் வீட்டில் எரிவாயு விளக்கு ஏற்றியவர். பம்பாய் நீராவிப் பட்டறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1841-இல் லண்டனில் உள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். அடுத்த இந்தியர் 1918-இல், நம் ராமானுஜன். நடுவில் 77 வருடம். ராமானுஜனைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அர்தசீரையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

பிறகு ஏன் நின்றது?

இரும்பு. மரத்தைப் பார்த்ததும் அதன் வளைவைச் சொல்லும் கண்ணுக்கு இரும்புத் தகட்டில் வேலையில்லை. இரும்பும் எந்திரமும் ஸ்காட்லாந்தின் கிளைடு நதிக்கரையில் மலிவாகக் கிடைத்தன, இங்கே எல்லாம் கப்பலில் ஏற்றி வர வேண்டும். 1848-இல் வெளியே போன மியானிதான் பம்பாயில் கட்டிய கடைசி அணிவரிசைப் போர்க்கப்பல். கம்பெனியே போய், அதன் கடற்படையும் 1863-இல் கலைந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக்கே முழு வழி. புதுக்கப்பல் குறைந்து, பழுதுபார்ப்பு மிஞ்சியது. கடைசித் தலைமைக் கட்டுநர் ஜம்சேட்ஜி துஞ்ஜிபாய் 1880களின் நடுவில் ஓய்வு பெற்றார். அவருக்கு அப்புறம் அந்தப் பதவிக்கு அந்தக் குடும்பத்தில் யாரும் வரவில்லை.

இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

லவ்ஜி கட்டிய துறையும் டங்கன் துறையும் மும்பையில் கடற்படைக் கட்டுந்தளத்துக்குள் இருக்கின்றன. சிங்கவாசல் வழியாக உள்ளே போக அனுமதி வேண்டும், சும்மா நடந்துபோய்ப் பார்க்க முடியாது. கப்பலைப் பார்க்க வேண்டுமென்றால் ஹார்ட்டில்பூல். அங்கே சீட்டு வாங்கி டிரிங்கமாலிக்குள் ஏறலாம். உள்தளத்தில் குனிந்துதான் நடக்கணும், உத்தரம் தாழ்வு. லண்டன் பக்கம் போகிறவர்கள் சாத்தம் துறையில் வெல்லஸ்லியின் முகப்புச் சிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.